மெலிந்த காசு கையில் கிடைத்தால்: அச்சுப் பிழையா என்று கண்டறிய முழுமையான வழிகாட்டி

நாணயச் சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் ஒரு ஞாயிறு காலை உட்கார்ந்து பாருங்கள். யாராவது ஒருவர் டிஷ்யூ தாளில் மடித்த காசு ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரிப்பார். வழக்கத்தைவிட மெல்லியதாக இருக்கும். அவர் முகத்தில் லாட்டரி அடித்த களை. நான் தராசை எடுப்பதற்குள் விலை என்ன போகும் என்று கேட்டிருப்பார்.

அப்படி வரும் காசுகளில் பெரும்பாலானவை அச்சுப் பிழை, அதாவது நாணயச் சாலையிலேயே நேர்ந்த தவறு, அல்ல. ஒன்று, அந்த வகையே மெல்லியதாக அடிக்கப்பட்டது. அல்லது நாணயச் சாலையை விட்டு வெளியே வந்த பிறகு யாரோ, எதுவோ மெலியவைத்தது. இவ்விரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பிழைக் காசு. கழிக்கும் வரிசை முக்கியம். வரிசையை மாற்றினால் கண் தனக்குப் பிடித்த கதையைக் காசின்மேல் எழுதிவிடும்.

இங்கே இந்திய நாணயங்களை வைத்தே சொல்கிறேன். முகத்தைச் சுற்றி மேடாக நிற்கும் வட்டத்தை வரப்பு என்றும், காசைச் செங்குத்தாக நிறுத்தினால் தரையில் படும் பக்கத்தை விளிம்பு என்றும் குறிப்பிடுகிறேன். இரண்டும் வேறு வேறு.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, விட்டமும் தடிமனும் அளக்கும் டிஜிட்டல் காலிபர், 10 மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கி, கழுத்தை வளைக்கக்கூடிய மேசை விளக்கு, ஒரு காந்தம், மெல்லிய நூல், நோட்டுப் புத்தகம். காலிபரின் தாடை பிளாஸ்டிக்காக இருந்தால் நல்லது. உலோகத் தாடை வரப்பில் கோடு போட்டுவிடும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கருவி ஒன்று உண்டு: துணைக் காசு. சந்தேகக் காசின் அதே மதிப்பு, அதே வடிவமைப்பு, முடிந்தால் அதே ஆண்டு, அதே நாணயச் சாலை. ஒன்று போதாது, ஐந்தாறு வேண்டும். புதியவர்கள் இதைத்தான் கொண்டுவருவதே இல்லை. ஒவ்வொரு வகைக்கும் உரிய அளவுகளைச் சொல்லும் அட்டவணையில் உள்ள எடை, நாணயச் சாலையிலிருந்து புதிதாக வந்த காசுக்கு உரியது. இருபது வருடம் பஸ் கண்டக்டர் பையில் கிடந்த காசு எப்படி இருக்கும் என்பதைத் துணைக் காசுதான் சொல்லும்.

ஆண்டுக்குக் கீழே உள்ள குறியைப் பார்த்தால் எந்த நாணயச் சாலை என்று தெரியும். வைரக் கட்டம் மும்பை, நட்சத்திரம் ஐதராபாத், புள்ளி நொய்டா, எந்தக் குறியும் இல்லையென்றால் கொல்கத்தா.

2. கழுவாதீர்கள்

புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். மெலிந்ததற்கான சாட்சி காசின் மேல்தோலில்தான் இருக்கிறது. மழமழப்பும் சொரசொரப்பும் அமிலத்தின் கைரேகை, கோடுகள் உலோகத் தகட்டின் கைரேகை. தேய்த்துவிட்டால் இரண்டும் போய்விடும். அதன்பிறகு நானும் சொல்ல முடியாது, என்னைவிடத் தெரிந்தவரும் சொல்ல முடியாது.

3. இது எந்த வகை என்று முதலில் தீர்மானியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். இந்தியாவில் ஒரே மதிப்புக்கு ஒரே நேரத்தில் நான்கு வகைக் காசுகள் புழங்கும். உலோகம் மாறும், எடை மாறும், விட்டம் மட்டும் சில சமயம் மாறாது. குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

5 ரூபாயையே எடுத்துக்கொள்வோம். 1992 முதல் வந்த குப்ரோ நிக்கல் (செம்பு, நிக்கல் கலவை) காசு 9 கிராம், 23 மி.மீ. 2007இல் வந்த துருப்பிடிக்காத எஃகுக் காசு அதே 23 மி.மீ., ஆனால் 6 கிராம். பிறகு வந்த மஞ்சள் நிற நிக்கல் பித்தளைக் காசும் 23 மி.மீ., 6 கிராம். பழைய காசுக்குப் பக்கத்தில் பிந்தைய இரண்டையும் வைத்தால், யாரோ நடுவில் ஒரு சீவல் எடுத்ததுபோல் தெரியும். ஆனால் அது அரசு எடுத்த முடிவு, பிழை அல்ல.

நினைவு நாணயங்களில் இது இன்னும் ஏமாற்றும். 2003இல் வந்த காமராஜர் 5 ரூபாய் 9 கிராம் குப்ரோ நிக்கல். 2009இல் வந்த அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய் 6 கிராம் நிக்கல் பித்தளை. இரண்டையும் அருகருகே வைத்த ஓர் இளைஞர், அண்ணா காசு மெலிந்து அடிக்கப்பட்டுவிட்டது என்று உறுதியாக நம்பினார். அவர் காசு 5.98 கிராம் இருந்தது. அதைவிடச் சரியான அண்ணா காசு கிடையாது.

ஒரு ரூபாய், இரண்டு ரூபாயிலும் இதே கதை. 1992 முதல் வந்த எஃகு ஒரு ரூபாய் 25 மி.மீ., 4.85 கிராம். 2011இல் ரூபாய்க் குறியோடு வந்தது 22 மி.மீ., 3.79 கிராம். 2019 வரிசையில் 20 மி.மீ., 3.09 கிராம். இன்னொரு வேடிக்கை, 2011 வரிசையின் இரண்டு ரூபாயும் 25 மி.மீ., 4.85 கிராம்தான். பழைய ஒரு ரூபாயும் புதிய இரண்டு ரூபாயும் அளவில் இரட்டைப் பிள்ளைகள்.

ஆகவே ஆண்டு, வடிவமைப்பு, உலோகம் மூன்றையும் பொருத்தி, இந்த வகைக்கு உரிய எடையும் விட்டமும் எவ்வளவு என்று நோட்டில் எழுதிய பிறகே அடுத்த படி.

4. எடை போடுங்கள்

தராசைச் சமதளத்தில் வைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். காற்றே இரண்டாவது தசமத்தை ஆட்டிவிடும். முதலில் துணைக் காசுகளைப் போடுங்கள். அவை அட்டவணை எடைக்கு அருகில் வந்தால் தராசை நம்பலாம். பிறகு சந்தேகக் காசை மூன்று முறை போட்டு மூன்று எண்களையும் எழுதுங்கள்.

எந்த நாணயச் சாலையும் எடையில் சிறு ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கும். புழக்கத்தில் தேய்மானமும் சேரும். 4.85 கிராம் காசு 4.78 காட்டினால் அதில் ஒன்றுமில்லை. 4.2 காட்டினால் மேலே படிக்கலாம்.

எடை குறையவே இல்லை, ஆனால் எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன என்றால், இந்த வழிகாட்டி உங்களுக்கு உரியதல்ல. காசில் உருவத்தைப் பதிக்கும் அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்தாலோ, அடித்த அழுத்தம் போதாமல் போனாலோ அப்படி ஆகும். காசு மெலியவில்லை, முகம்தான் வாடியிருக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. தமிழில் கனம் என்ற ஒரே சொல் எடைக்கும் ஆகும், தடிப்புக்கும் ஆகும். கனம் குறைவு என்று எழுதி வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து எதைச் சொன்னோம் என்று விழித்திருக்கிறேன். நோட்டில் எடை, தடிமன் என்று பிரித்தே எழுதுங்கள்.

5. தடிமனுக்கு முன் விட்டம்

மெலிந்த காசு என்றதும் எல்லாரும் முதலில் தடிமனை அளப்பார்கள். நான் விட்டத்தைத்தான் அளக்கச் சொல்வேன். பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும்.

காரணம் காசு பிறக்கும் விதத்தில் இருக்கிறது. பூரிக்கு மாவைப் பெரிதாகத் தேய்த்து, டம்ளரைக் கவிழ்த்து வட்டம் வட்டமாக வெட்டுவதுபோல, உலோகத்தை உருளைகளுக்கு இடையே விட்டுத் தகடாக்கி, அதிலிருந்து வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். மாவின் ஒரு மூலையை மெலிதாகத் தேய்த்துவிட்டால் அந்த மூலையிலிருந்து வரும் பூரி மெலிந்திருக்கும், ஆனால் டம்ளர் அளவு மாறாது. வில்லையும் அப்படித்தான். அடுத்து, இரண்டு அச்சுகளுக்கு நடுவே அது அடிபடும்போது சுற்றிலும் ஓர் எஃகு வளையம் பிடித்துக்கொள்கிறது. உலோகம் அந்த வளையத்தைத் தாண்டிப் பரவ முடியாது.

ஆகவே மெலிந்த தகட்டால் வந்த காசின் விட்டம் சரியாகவே இருக்கும். அமிலத்துக்கோ டம்ளரும் வளையமும் கிடையாது; எல்லாப் பக்கமும் தின்னும், விட்டத்தையும் சேர்த்து.

நான்கு திசையில் அளந்து நான்கு எண்களையும் எழுதுங்கள். துணைக் காசோடு ஒத்துப்போனால் அடுத்த படி. நான்கு பக்கமும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அமிலம், மண் அரிப்பு, அல்லது வேறு காசுக்கு உரிய வில்லை. விட்டம் கூடி, வட்டமும் கோணியிருந்தால் சுத்தியல் அல்லது ரயில் தண்டவாளம். இந்தக் கடைசி வகைக்கு மேலே ஒரு படியும் தேவையில்லை.

6. தடிமனை அளந்து கணக்குப் போடுங்கள்

காலிபர் அளப்பது வரப்பின் மேட்டைத்தான், நடுப்பகுதியை அல்ல. அதனால் துணைக் காசையும் அதே வரப்பில் அளந்து ஒப்பிட வேண்டும். கடிகாரத்தில் 12, 3, 6, 9 இருக்கும் இடங்களில் அளங்கள். ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிந்திருந்தால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டின் சரிந்த முனையிலிருந்து வெட்டிய வில்லை அப்படி இருக்கும், தேடத்தக்க பிழை அது.

இப்போது கணக்கு. துணைக் காசு 4.85 கிராம், 25 மி.மீ., வரப்பில் 1.46 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சந்தேகக் காசுகள் இருக்கின்றன, இரண்டுமே 3.52 கிராம்.

முதல் காசின் விட்டம் 25 மி.மீ., தடிமன் 1.06. எடை 0.726 மடங்கு, தடிமனும் 0.726 மடங்கு. குறைந்த எடை முழுவதையும் தடிமனே விளக்கிவிடுகிறது. இது பிழையாக இருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் காசின் விட்டம் 24 மி.மீ., தடிமன் 1.15. விட்டம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பரப்பு 0.92 மடங்காகிவிடும். தடிமன் 0.788 மடங்கு. பெருக்கினால் அதே 0.726. ஆனால் இந்தக் காசு எல்லாத் திசையிலும் உடல் இளைத்திருக்கிறது. தராசில் இரண்டும் ஒன்று, காலிபரில் வேறு வேறு. எடையை மட்டும் பார்த்து விலை பேசுபவர் இரண்டாவதை முதலாவதாக எண்ணி வாங்கிப்போவார். நான் ஒருமுறை வாங்கியிருக்கிறேன். இன்றும் பெட்டியில் இருக்கிறது, பாடம் எடுக்கப் பயன்படுகிறது.

மெலிந்த வில்லையில் அடித்த காசில் எடை விகிதமும் தடிமன் விகிதமும் துல்லியமாகப் பொருந்தாது. வரப்பு முழுதாக எழும்பாததால் காலிபர் சற்றுக் கூடுதலாகக் குறைத்துக் காட்டும். கொஞ்சம் விலகினால் கவலை வேண்டாம். மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம் என்றால் திரும்ப அளங்கள்.

7. விளிம்பைப் பாருங்கள்

காசைப் படுக்கவைத்து முகத்தைப் பார்ப்பதற்கு முன், இரு விரல்களால் பிடித்து விளிம்பை விளக்கில் சுழற்றுங்கள். துணைக் காசு மறு கையில் இருக்கட்டும்.

வளையத்துக்குள் அடிபட்ட காசின் விளிம்பு நேராக, பளபளப்போடு இருக்கும். வில்லை மெலிந்திருந்தால் உலோகம் வளையத்தை முழு வலுவோடு அழுத்தியிருக்காது. விளிம்பில் வரிவரியாகப் பற்கள் உள்ள காசில் அந்தப் பற்கள் ஆழமின்றி, சில இடங்களில் பாதி வரை மட்டும் இருக்கும். ஆனால் இருக்கிற பல் கூர்மையாக இருக்கும்.

அமிலம் தின்ற விளிம்பில் பற்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மழுங்கி, உருகிய சோப்புபோல் தெரியும். பழைய 5 ரூபாயில் விளிம்பின் நடுவே பள்ளம் ஓடும் பாதுகாப்பு விளிம்பு உண்டு. அது கரைந்து மங்கியிருந்தால் மேலே யோசிக்க வேண்டியதில்லை.

வேறு காசுக்குரிய சிறிய வில்லையில் அடித்திருந்தால் அது வளையத்தைத் தொட்டே இருக்காது. விளிம்பு உருண்டையாக இருக்கும், முகத்தில் ஓரத்து எழுத்துகள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அமிலக் காசில் எழுத்து வெட்டுப்படாது, முழு வடிவமும் வரப்போடு சேர்ந்து இளைத்திருக்கும். விட்டம் குறைந்த காசுகளில் இவ்விரண்டையும் பிரிக்க இந்த ஒரு வித்தியாசம் போதும்.

8. இப்போது முகங்கள்

விளக்கை மேசையோடு ஒட்டித் தாழ்த்தி, ஒளி காசின்மேல் சாய்ந்து விழும்படி வையுங்கள். நேர் ஒளியில் மேடும் பள்ளமும் தெரியாது. காசைச் சுழற்றிக்கொண்டே உருப்பெருக்கியில் பாருங்கள். பூ, தலை இரண்டையும் பார்த்த பிறகே எழுதுங்கள்.

இரண்டு பக்கமும் மங்கல், தோல் மட்டும் இயல்பு: அச்சுகள் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பது முன்பே அமைக்கப்பட்டிருக்கும். வில்லை மெலிந்தால் அச்சின் பள்ளங்களை நிரப்ப உலோகம் போதாது. ஆழமான இடங்களும் வரப்பும்தான் முதலில் குறைபடும். சிங்கமுகத்தின் மேடான பகுதியில் வில்லையின் பழைய கீறல்கள் அழியாமல் கிடக்கும். மற்ற இடங்களில் பளபளப்பு அப்படியே இருக்கும். தடிமன் குறைந்த தகட்டின் அடையாளம் இதுதான்.

தகடு ஒழுங்காகவே உருட்டப்பட்டு, வேறொரு காசுக்கு உரிய தடிமனில் இருந்தாலும் இதே தோற்றம் வரும். 1970இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச் சாலையில் கால் டாலர்கள் சில, பத்து சென்ட் காசுக்கான மெல்லிய தகட்டில் வெட்டப்பட்டுவிட்டன. 5.67 கிராம் இருக்க வேண்டியவை 4 கிராமுக்குச் சற்று மேல் இருந்தன. விட்டமோ சரியாக இருந்தது.

ஒரு பக்கம் முழு அழகு, மறுபக்கம் வெறும் கோடுகள்: பூரி உப்பி இரண்டு தோலாகப் பிரிவதுபோல உலோகமும் பிரியும். உருக்கும்போது உள்ளே சிக்கிய அழுக்கோ வாயுவோ, தகடாக உருட்டும்போது பரந்து ஓர் அடுக்காகிவிடுகிறது. அடித்த பிறகு அங்கே பிரிந்தால் ஒரு பக்கம் நன்றாகவும், மறுபக்கம் ஒரே திசையில் ஓடும் மெல்லிய கோடுகளோடு உருவமின்றியும் இருக்கும். அடிப்பதற்கு முன்பே பிரிந்திருந்தால் கோடுகளின்மேல் உருவம் மங்கலாகப் பதிந்திருக்கும். கோடு உருவத்துக்கு அடியில் ஓடுகிறதா, உருவத்தை வெட்டிக்கொண்டு ஓடுகிறதா என்பதைப் பொறுமையாகப் பாருங்கள்.

உருவத்தை வெட்டும் கோடுகள்: அரம் அல்லது உப்புத்தாள். எழுத்தின் மேல்பகுதி சீவப்பட்டு அடிப்பகுதி மட்டும் தட்டையாக நிற்கும், அதன்மேலேயே கீறல் தொடரும். கீறல்கள் பல திசையில் இருக்கும், அல்லது வட்டமாகச் சுழலும். தகட்டுக் கோடு சுழலாது.

எல்லா இடமும் ஒரே மாதிரி இளைப்பு: எழுத்தின் கால்கள் நூலாகியிருக்கும். தோல் பொடிப்பொடியாகச் சொரசொரக்கும், அல்லது வழுக்கும். கோயில் குளத்தில் கிடந்து எடுத்த காசுகள் பலவும் இப்படித்தான் இருக்கும். அவற்றில் கூடுதலாகக் குழிகளும் கறையும் உண்டு. வேண்டுமென்றே அமிலத்தில் ஊறவைத்துப் பிழைக் காசு என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி காசை உருக்குவதும் அழிப்பதும் குற்றம் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம்.

9. உலோகத்தைச் சோதியுங்கள்

எளிய சோதனை காந்தம். எஃகுக் காசு ஒட்டும். குப்ரோ நிக்கலும் நிக்கல் பித்தளையும் ஒட்டாது. ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை என்றால் அது வேறு உலோக வில்லையாகவோ, கள்ளக் காசாகவோ இருக்கலாம். கள்ளக் காசுகள் எடையில் குறைவதும் சாதாரணம்.

அடுத்தது தண்ணீர். படம் எடுத்த பிறகே இதைச் செய்யுங்கள். உலோகம் அடுக்காகப் பிரிந்த காசுக்கு வேண்டவே வேண்டாம், இடுக்கில் நீர் புகுந்துவிடும். தராசின்மேல் ஒரு கிண்ணம் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படியும் அடியையோ சுவரையோ தொடாதபடியும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காசின் எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். எஃகு 7.7 அருகிலும், குப்ரோ நிக்கல் 8.9 அருகிலும் வர வேண்டும். 3.52 கிராம் எஃகுக் காசு 0.46 காட்டும். தராசு 0.01 தவறினாலும் அடர்த்தி கணிசமாக மாறிவிடும் என்பதால் மூன்று முறை செய்து பாருங்கள். பிறகு ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

10. எப்போது பிழை என்று சொல்லலாம்

வகை உறுதியாகி, எடை தெளிவாகக் குறைந்து, விட்டம் சரியாக இருந்து, விளிம்பும் தோலும் கெடாமல், இரு முகமும் மங்கியிருந்தால் மெலிந்த தகட்டில் அடித்த காசு என்று எழுதலாம். ஒரு முகம் மட்டும் கோடுகளாக இருந்தால் பிரிந்த வில்லை. விட்டம் குறைந்து எழுத்து வெட்டுப்பட்டிருந்தால், எந்தக் காசின் எடைக்கும் விட்டத்துக்கும் அருகில் வருகிறது என்று அட்டவணையில் தேடுங்கள். அந்தக் காசின் வில்லையாக இருக்கலாம்.

இந்தச் சாட்சிகளில் ஒன்று முரண்பட்டாலும் நான் பிழை என்று எழுத மாட்டேன். கேள்விக்குறி போட்டு வைப்பேன். என் பெட்டியில் ஆறு வருடமாகக் கேள்விக்குறியோடு ஓர் எட்டணாக் காசு இருக்கிறது.

11. பதிவும் பாதுகாப்பும்

பூ, தலை, விளிம்பு மூன்றையும், பக்கத்தில் துணைக் காசை வைத்துப் படம் எடுங்கள். தராசின் எண் தெரியும்படி ஒரு படம். இவை இல்லாமல் அனுபவசாலியிடம் காட்டினால் அவரும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

விலை கேட்பதற்கு முன் இரண்டு பேரிடம் காட்டுங்கள். இருவரும் வாங்குபவர்களாக இல்லாதிருப்பது நல்லது. காசுக்கு லட்சம் தருகிறோம், முன்கட்டணம் அனுப்புங்கள் என்று யாராவது அழைத்தால் இணைப்பைத் துண்டியுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இந்த மோசடி நடப்பதாக 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்திருக்கிறது.

வைக்கும்போது பிவிசி உறை வேண்டாம். நாளடைவில் பச்சையாகக் கசிந்து காசின்மேல் படியும். அட்டைச் சட்டமோ காகித உறையோ போதும். எடை, விட்டம், தடிமன், அளந்த தேதி ஆகியவற்றை உறையின்மேல் எழுதிவிட்டுப் பிறகு காசை உள்ளே போடுங்கள். உள்ளே போட்ட பிறகு எழுதினால் பேனா முனை அழுந்திய தடம் காசில் விழும்.